போய்ப் பார்த்துவிட்டு வந்தவள்

அவள் பெயரை எழுத மாட்டேன். இன்னும் கண்டியில்தான் இருக்கிறாள். எழுதினேன் என்று தெரிந்தால், "எந்தப் புஸ்தகம், எத்தனாவது பக்கம், காட்டுங்கக்கா பாப்போம்" என்று வாசலில் வந்து நிற்பாள். யார் எதைச் சொன்னாலும் நேரில் போய்த் தன் கண்ணால் பார்க்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. அப்படி ஒரு பிறவி.

டவுனுக்குள் இன்டர்நேஷனல் ஸ்கூல்கள் மூலைக்கு ஒன்றாக முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. அதில் ஒன்றில் நான் ஆபீஸ் கிளார்க். பிள்ளை சேர்க்க வரும் பெற்றோருக்குக் கதிரை போட்டு, பளபளவென்று அச்சடித்த புத்தகத்தைக் கையில் கொடுத்து, "எங்க ஸ்கூல்ல எல்லாமே இங்கிலீஷ்தான்" என்று சிரிப்பது என் வேலை. அவளுக்கு வகுப்பறைகளைக் கூட்டித் துடைக்கிற வேலை. நான் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள், அவள் பன்வில. என்னைவிடப் பத்து வயது இளையவள். அங்கே மலைநாட்டு ஆட்கள் நாங்கள் இரண்டு பேர்தான் என்பதால் பகல் சாப்பாட்டுக்கு ஒன்றாக உட்காருவோம். பாதி நாள் சண்டையோடு எழும்புவோம்.

வேலைக்கு வந்த இரண்டாவது வாரமே தன் குணத்தைக் காட்டிவிட்டாள். குழாய்த் தண்ணீர் வாடை அடிக்கிறது என்று பிள்ளைகள் சொன்னார்கள். டாங்கியைப் போன மாதம்தான் கழுவினோம் என்று மேனேஜர் சொன்னார். பெரியவர் சொன்னால் விட்டுவிட வேண்டியதுதானே? இவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள். மூடியைத் திறந்தாள். செத்த காகம் ஒன்றைக் காலில் பிடித்துத் தூக்கிக்கொண்டு இறங்கி, நேரே மேனேஜர் ஜன்னலுக்கு முன்னால் போய் நின்றாள்.

"சேர், கழுவுனது போன மாசமுங்களா, இது விழுந்தது போன மாசமுங்களா?"

வேலை போயிற்று என்றே நினைத்தேன். போகவில்லை. அந்த வாரம் முழுக்க மேனேஜர் வீட்டிலிருந்து போத்தலில் தண்ணீர் கொண்டுவந்து குடித்தார்.

அவள் இங்கே வேலைக்கு வருவதற்கு முன்பே நடந்த கல்யாணக் கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். மாப்பிள்ளைக்குக் கட்டுகஸ்தோட்டையில் ஒரு பேக்கரியில் வேலை. தரகர் வந்து தங்கமான பையன், வாய் அதிர்ந்து பேசமாட்டான் என்று புகழ்ந்துவிட்டுப் போயிருக்கிறார். அவர்கள் பெண் பார்க்க வருவதற்கு முன்னால் இவள் மாப்பிள்ளை பார்க்கப் போய்விட்டாள். தொடர்ந்து மூன்று நாள் சாயந்தரம் பஸ் ஏறிப் போய்ப் பாண் வாங்குகிற வரிசையில் நின்றிருக்கிறாள்.

"தரகரு ஆயிரம் சொல்லுவாருக்கா. பாணு வாங்க வர்ற சனத்துகிட்ட எப்பிடிப் பேசுறாருன்னு பாக்க வேணாமா?"

மூன்றாம் நாள் ஒரு பெண்பிள்ளை, பாண் காய்ந்துபோய்விட்டது என்று கவுண்டரில் விட்டெறிந்து கத்தினாளாம். அவன் பதிலுக்குக் கத்தாமல் சூடான பாண் ஒன்றை எடுத்துக் கொடுத்து, "கோவப்படாதீங்கம்மா, இது இப்ப வந்தது" என்றானாம். இவள் வீட்டுக்கு வந்து சம்மதம் என்று சொல்லிவிட்டாள். அவள் புருஷன் இந்தக் கதையை வேறு மாதிரிச் சொல்வான். "மூணு நாளா ஒரு பொண்ணு வந்து அர றாத்தல் பாண வாங்கிக்கிட்டு என்னையவே மொறச்சு மொறச்சுப் பாத்துச்சுங்க. நான் என்னா தப்பு பண்ணுனேன்னு பயந்தே போயிட்டேன்" என்பான்.

இப்பேர்ப்பட்டவளின் மகளுக்கு ஐந்து வயது ஆகப் போகிறது. முதலாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். எங்கள் ஸ்கூலில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம்தான். என் மகன் அங்கேதான் மூன்றாம் வகுப்பில் இருந்தான், கழுத்தில் மெரூன் டையோடு. நானே விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன்.

"இந்தா, நெரப்பிக் குடு. ஒன் மக இங்கிலீஷ்ல வெளுத்து வாங்கப் போறா பாரு."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். "சரிக்கா, பாக்குறேன்."

"என்னத்தடி பாக்குற? நாலு வருசமா இந்த எடத்தத்தானே கூட்டுற?"

"இதப் பாத்துட்டேன்க்கா. மத்தத இன்னும் பாக்கலயே."

மற்றது என்றால் டவுனில் இருக்கும் அரசாங்கத் தமிழ்ப் பள்ளிக்கூடம். எங்களுக்கு லீவு விட்டிருக்கும் நாட்களில் அங்கே பள்ளிக்கூடம் நடக்கும். அந்த லீவு முழுக்க இவள் மகளையும் கையில் பிடித்துக்கொண்டு, குடையைப் பிடித்தபடி, அந்தப் பள்ளிக்கூட கேட்டுக்கு எதிரே போய் நின்றிருக்கிறாள். முதல் நாள் வாட்ச்மேன் விரட்டியிருக்கிறார். மூன்றாம் நாள் அவரோடு பேச்சுக் கொடுத்துப் பழகிவிட்டாள். இரண்டாவது வாரம் உள்ளேயே போய்விட்டாள். கக்கூஸ்வரைக்கும் பார்த்திருக்கிறாள்.

லீவு முடிந்து வந்ததும் சாப்பாட்டைப் பிரிப்பதற்கு முன்னாலேயே ஆரம்பித்தாள்.

"கக்கூஸ்ல ஒரு கதவு இல்லக்கா. ரெண்டாம் வகுப்புல நாப்பது புள்ளைங்க நெருக்கியடிச்சு ஒக்காந்திருக்கு."

"நான்தான் சொன்னேனே" என்றேன். மனசுக்குள் ஒரு குளிர்ச்சி.

"இருங்கக்கா, இன்னும் முடிக்கல. காலைல டீச்சர்மார் உள்ள போறப்ப பாத்தேன். ஏழு பேரு சொந்தப் புள்ளையக் கையில புடிச்சுக்கிட்டுப் போறாங்க. அவங்க புள்ளைங்க அங்கேயேதான் படிக்குது."

"அதுக்கு?"

"இங்க ஸ்டாஃப் ரூம் அலுமாரிய நான்தானே தொடைக்கிறேன். டீச்சர்மார் பேரு போட்ட கோப்பை ஒம்போது கெடக்கு. ஆளுங்க போயிட்டாங்க, கோப்பைய விட்டுட்டு. ஒரே வருசத்துல." சோற்றைப் பிசைந்தபடி நிமிர்ந்து பார்த்தாள். "அது கெடக்கட்டும். நம்ம பெரிய மேடத்தோட பேரன் பகல்ல வேன்ல வந்து எறங்குறானே, என்னா உடுப்பு போட்டிருப்பான்?"

வெள்ளைச் சட்டை, நீலக் களிசான். அரசாங்கப் பள்ளிக்கூட உடுப்பு. ஸ்கூலை நடத்துகிற மேடம் தன் பேரனை டவுனில் இருக்கும் பெரிய அரசாங்கப் பாடசாலைக்கு அனுப்புகிறார். தினமும் பகல் இரண்டு மணிக்கு அவன் என் மேசைக்குப் பக்கத்தில்தான் வந்து உட்காருவான். நான்தான் பிஸ்கட் கொடுப்பேன். அந்தச் சட்டையைத் தினமும் பார்த்தும் எனக்கு அது உறைக்கவே இல்லை.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப என் மகன இங்க சேத்த நான் முட்டாளா?"

"ஐயோ, நான் அப்பிடிச் சொல்லலக்கா. ஒங்க மகனுக்கு நீங்க பாத்தீங்க. என் மகளுக்கு நான் பாக்குறேன்."

அதுதான் என்னைச் சுட்டது. நான் எங்கே பார்த்தேன்? டையைப் பார்த்தேன், கையெழுத்துப் போட்டேன். நான்கு நாள் அவளோடு பேசவில்லை. சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் தனியாகப் போய் உட்கார்ந்தேன். என் மகன் ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை, நன்றாகத்தான் படித்து வந்தான். ஆனால் அன்றைக்கு அந்தப் பேச்சு என் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது என்பதை மறைத்து என்ன ஆகப் போகிறது.

அவள் அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்கு விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினாள். நேர்முகத்துக்கு அழைப்பு வந்தபோது, "துணைக்கு வாங்கக்கா" என்றாள். துணைக்கென்று மட்டும் நான் போகவில்லை. இவள் மூக்கு உடைபடுகிறதா என்று பார்க்கிற ஆசையும் கொஞ்சம் இருந்தது. பாவி நான்.

உடைபட்டது. மேசையைச் சுற்றி ஐந்து பேர். நடுவில் பள்ளிக்கூடத்து அதிபர், யாழ்ப்பாணத்துக்காரர், ஒல்லியான மனிதர். காகிதங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"வாக்காளர் இடாப்பில உங்கட பேர் எங்க பதிஞ்சிருக்குப் பிள்ளை?"

"பன்வில தோட்டத்துலங்க சேர்."

"உங்கட மனுசன்ர பேர்?"

"அவரு பேரு அவரு தோட்டத்துலங்க. ஆனா நாங்க ஆறு வருசமா இங்க கட்டுக்கலையிலதான் இருக்கோம். புள்ள பொறந்ததே இங்கதான்."

"இருக்கிறது வேற, பதிவு வேற. அஞ்சு வருசப் பதிவு இஞ்ச இருக்க வேணும். இல்லாட்டி நான் புள்ளி போடேலாது." அவர் முகத்திலும் சங்கடம் தெரிந்தது.

இந்தத் தப்பை எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் செய்யமாட்டார்கள். டவுனுக்கு வந்து பத்து வருஷம் ஆனாலும் பெயர் தோட்டத்திலேயே கிடக்கும். பேரை வெட்டினால் தோட்டத்தில் குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போய்விடும் என்று அப்பா அம்மா அழுவார்கள். போதாததற்கு, ஒரு காலத்தில் குடியுரிமையே இல்லாமல் ஒரு துண்டுக் காகிதத்துக்காக அலைந்த சனம் நாங்கள். எந்த இடாப்பிலாவது பெயர் ஏறிவிட்டால் அதைத் தொடவே பயம். இவளும் வருஷாவருஷம் அங்கேயே பதிந்துகொண்டிருந்தாள்.

முதல் பட்டியலில் மகளின் பெயர் இல்லை. பார்த்துவிட்டு நேரே வேலைக்கு வந்தாள். ஐந்து வகுப்பறைகளைக் கூட்டினாள். ஆறாவது அறையில் சத்தத்தைக் காணோம் என்று எட்டிப் பார்த்தேன். சின்னப் பிள்ளைகளின் குட்டிக் கதிரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எல்லா எடத்துக்கும் போயி பாத்தேனேக்கா. என் பேரு எங்க கெடக்குன்னு மட்டும் போயி பாக்கலயே" என்று விம்மினாள்.

நான் அப்போதே சொன்னேனே என்று சொல்லிக்காட்ட அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. சொல்ல வாய் வரவில்லை. மேசை லாச்சியில் அந்தப் பழைய விண்ணப்பம் இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். எங்கள் ஸ்கூலிலும் முதலாம் வகுப்பில் ஒரே ஓர் இடம்தான் மிச்சம். வெள்ளிக்கிழமையோடு அதுவும் மூடப்படும். வீம்பு பிடிக்காதே, இரண்டும் இல்லாமல் பிள்ளை வீட்டில் நிற்கப் போகிறது என்று சொன்னேன். அவள் புருஷனும் அதையே கெஞ்சிக் கேட்டான்.

"மொதல்ல மேன்முறையீடு எழுதுவோம்க்கா. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எழுத உட்கார்ந்தோம். அவள் சொன்னாள்: "நாங்க இங்க இருக்கோமா இல்லையான்னு வந்து பாருங்க. பாத்துட்டு இல்லன்னு சொல்லுங்க. பாக்காம சொல்லாதீங்க."

"கவுருமெண்டுக்கு இப்பிடியெல்லாம் எழுதக் கூடாதுடி" என்று தலையில் அடித்துக்கொண்டேன். மேன்மைதங்கிய, தயவுகூர்ந்து என்றெல்லாம் போட்டு ஒரு பக்கம் அழகாக எழுதினேன். வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். "நான் சொன்னது எங்க?" என்றாள். இரண்டு தரம் கிழித்துப் போட்டோம். கடைசியில் அவள் சொன்னதை அப்படியே எழுதி, பிள்ளையின் கிளினிக் அட்டைப் பிரதியையும் சேர்த்து அனுப்பினோம்.

வெள்ளிக்கிழமை வந்தது. பதில் வரவில்லை. மூன்று மணிக்கு ஆபீஸ் கதவில் வந்து நின்றாள்.

"அக்கா, அந்த எடத்த வேற புள்ளைக்குக் குடுத்துருங்க."

"ஒனக்குப் பைத்தியமா?"

"பயமாத்தான் இருக்கு. ஆனா வேணாம்னு பாத்து முடிவெடுத்த எடத்துல, பயத்துக்காகப் புள்ளையத் தள்ள மாட்டேன்." சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் போன வழியெல்லாம் வாளித் தண்ணீர் தளும்பிச் சிந்தியிருந்தது.

அடுத்த நாள் சனிக்கிழமை. நான் அவளுக்குப் பக்கத்து ஒழுங்கையில்தான் குடியிருந்தேன். காலை ஏழரை இருக்கும், ஓட்டோ ஒன்று மேட்டில் முக்கி முனகி ஏறுகிற சத்தம். எட்டிப் பார்த்தால் அதிபர் இறங்குகிறார், கூடவே ஒரு டீச்சர். நான் போட்டிருந்த உடுப்போடு ஓடினேன்.

அவள் இருந்தது ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஓர் அறை. வீட்டுக்கார உம்மா அதிபரைக் கண்டதுமே முந்திக்கொண்டார். "வாங்க சேர், வந்து பாருங்க. இந்தப் புள்ள பொறந்ததுலேர்ந்து எங்க ஊட்டுலதான் ஈக்கிது. எங்கயும் போவல்ல. அல்லா மேல சத்தியமா செல்லுறேன்."

அதிபர் அறைக்குள் குனிந்து பார்த்தார். ஒரு கட்டில், ஓர் அடுப்பு, கொடியில் காயும் பேக்கரி உடுப்பு. கிளினிக் அட்டையை வாங்கி முதல் பக்கத்திலிருந்து பார்த்தார். பிறந்த மாதம் தொடங்கி ஒரு மாதமும் விடாமல் எடை போட்ட குறிப்பு, எல்லாம் இந்தப் பகுதி மிட்வைஃபின் கையெழுத்து. டீச்சர் அதைக் குறித்துக்கொண்டார்.

"சரியான ஏத்தமப்பா. றோட்டால சுத்திச் சுத்தி வாறதுக்கே இருவது நிமிசம். இவ்வளவு தூரத்திலயிருந்து இந்தச் சின்னன் எப்பிடித் தினமும் வரும்?" என்று அதிபர் வேர்வையைத் துடைத்தார்.

"படிக்கட்டு வழியாத்தான்" என்றது பிள்ளை. அதுவரை அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்திருந்தது.

"எந்தப் படிக்கட்டு?"

"வாங்க சேர், காட்டுறேன்" என்று அவர் விரலைப் பிடித்துக்கொண்டது.

அப்புறம் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வரும். ஐந்து வயதுப் பிள்ளை முன்னால் போகிறது, அதிபர் பின்னால் போகிறார், அவருக்குப் பின்னால் டீச்சரும் நாங்களும். உம்மா வீட்டுக் கோழிக்கூட்டைச் சுற்றி, இரண்டு வீட்டுச் சுவருக்கு நடுவே, பாசி பிடித்த படிகளில் இறங்கி, கோயிலின் பின்பக்கமாக. "இந்தப் படி ஆடும் சேர், அதுல கால வைக்காதீங்க." "இங்க நாய் இருக்கு, கத்தும், கடிக்காது." டீச்சர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். ஒரு வளைவு திரும்பினால் பள்ளிக்கூடத்தின் பின் சுவர் நிற்கிறது! அம்மாவோடு லீவு முழுக்க நடந்த வழியல்லவா, கண்ணை மூடிக்கொண்டு வந்திருக்கும் அந்தப் பிள்ளை. டீச்சர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஒன்பது நிமிஷம்.

அதிபர் இடுப்பில் கை வைத்துச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "பதினாலு வருசமா இந்தப் பள்ளிக்கூடத்தில இருக்கிறன். இப்பிடி ஒரு பாதை இருக்கெண்டு எனக்கே தெரியாது." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "வரச்சொல்லி எழுதினீங்கள், வந்து பாத்திட்டம். பிள்ளை இஞ்சத்தைப் பிள்ளைதான், அதில சந்தேகமில்லை. ஆனா நான் தனிய முடிவெடுக்கேலாது, மேன்முறையீட்டுச் சபைதான் சொல்ல வேணும்."

"நீங்க பாத்ததச் சொன்னாப் போதுங்க சேர்" என்றாள்.

மூன்று வாரம் போயிற்று. அந்த மூன்று வாரமும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை, நானும் அவளைத் திட்டவில்லை. இறுதிப் பட்டியல் போடுகிற அன்று இரண்டு பேரும் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனோம். கேட்டில் ஒரே கூட்டம். முண்டியடித்து முன்னால் போனவள் பலகைக்கு முன்னால் நின்றாள். நின்றவள் நின்றபடியே இருந்தாள். ஆட்களைத் தள்ளிக்கொண்டு போய் அவள் தோளைப் பிடித்துத் திருப்பினேன். முகமெல்லாம் கண்ணீர்.

"கண்ணு தெரியலக்கா. எழுத்தெல்லாம் கலங்குது" என்றாள். என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "நீங்க பாத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னா நான் நம்புறேன்."

மேலிருந்து விரலை வைத்துக்கொண்டு வந்தேன். பதினேழாவது பெயர். தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு, பிழையில்லாமல், முழுசாக. ஆபீசில் மெதுவாகப் பேசிப் பழகிய என் தொண்டைக்குள் அவ்வளவு சத்தம் இருந்தது அன்றைக்குத்தான் எனக்கே தெரியும். கட்டுக்கலை வரைக்கும் கேட்கட்டும் என்று அந்தப் பெயரை வாசித்தேன்.